டேக்வாண்டோவின் தந்தை யார்? சோய் ஹாங் ஹியின் பெயர் ஏன் பாதிச் சுவர்களில் மட்டும் இருக்கிறது

டேக்வாண்டோவுக்கு ஆண்டில் இரண்டு விழா நாட்கள் உண்டு. ஒரு தரப்பினருக்கு ஏப்ரல் 11, இன்னொரு தரப்பினருக்கு செப்டம்பர் 4. முதல் தரப்பின் பயிற்சிக்கூடங்களில் சோய் ஹாங் ஹி என்ற ராணுவத் தளபதியின் படம் மாட்டியிருக்கும். கலையைத் தோற்றுவித்தவர் என்று மாணவர்கள் அவருக்கு வணக்கம் வைப்பார்கள். இரண்டாம் தரப்பு எழுதிவைத்த வரலாற்றில் அந்தப் பெயரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

2024-ல் வட கொரியா டேக்வாண்டோவை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கும்படி தனியாக விண்ணப்பித்தபோது குழப்பம் இன்னும் கூடியது. ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் டேக்வாண்டோ தென் கொரியாவுடையதாயிற்றே, இதில் வட கொரியா எங்கிருந்து வந்தது? கேள்வி நியாயமானதுதான். விடைக்கு சோயின் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்.

## முதலில் சில சொற்கள்

1. ஐடிஎஃப்: சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு. 1966-ல் சோய் ஹாங் ஹி சியோலில் தொடங்கியது. பின்னர் கனடாவுக்கும், 1985-ல் வியன்னாவுக்கும் இடம் மாறியது.
2. டபிள்யூடி: உலக டேக்வாண்டோ அமைப்பு. 1973-ல் சியோலில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ போட்டிகளை நடத்துவது இதுதான். முன்பு பெயரின் கடைசியில் கூட்டமைப்பு என்பதற்கான 'எஃப்' எழுத்தும் இருந்தது. மூன்று எழுத்தும் சேர்ந்தால் இணையத்தில் வசைச்சொல்லாகிவிடுகிறது என்பதால் 2017-ல் கடைசி எழுத்தை வெட்டிவிட்டார்கள்.
3. குக்கிவோன்: சியோலில் 1972-ல் கட்டப்பட்ட தலைமைப் பயிற்சி மையம். டபிள்யூடி தரப்பில் கருப்பு பெல்ட்டுக்கான 'டான்' பட்டத்தை வழங்குவது இது.
4. குவான்: பள்ளி என்று பொருள். ஒரு ஆசானும் அவர் வழி வந்த மாணவர்களும் சேர்ந்த பரம்பரை. டேக்வாண்டோ என்ற பெயர் வருமுன் கொரியாவில் இருந்தவை குவான்கள்தான்.
5. துல், பூம்சே: கராத்தேயில் கட்டா என்கிறோமே, அதேதான். எதிராளி இருப்பதாக எண்ணிக்கொண்டு வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர். ஐடிஎஃப் இதைத் துல் என்கிறது, டபிள்யூடி பூம்சே என்கிறது. இரண்டு தரப்பின் தொடர்களும் முற்றிலும் வேறு.

## வடக்கில் பிறந்த நோஞ்சான் பையன்

சோய் 1918 நவம்பர் 9 அன்று பிறந்தார். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. பிறந்த ஊரான ஹ்வாடே, மியோங்சோன் வட்டாரத்தில், இன்றைய வட கொரியாவுக்குள் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அறுபது ஆண்டு கழித்து இது முக்கியமாகும்.

சிறுவயதில் உடல்நலம் குன்றியவர். வளர்ந்த பிறகும் ஆள் மிகக் குட்டை. ஜப்பானியருக்கு எதிராகப் பேசியதால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதாகவும், தந்தை தன்னை ஹான் இல் டாங் என்ற ஆசிரியரிடம் சித்திர எழுத்துக்கலை கற்க அனுப்பியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஆசிரியருக்கு டேக்கியோன் என்ற பழைய கொரியக் கால்விளையாட்டும் தெரியும், பையன் தேறட்டும் என்று அதையும் சொல்லிக்கொடுத்தார் என்பது சோயின் கூற்று. வேறு சாட்சி இல்லாத இந்தப் பகுதியைப் பல ஆய்வாளர்கள் நம்புவதில்லை.

1930-களின் கடைசியில் படிப்புக்காக ஜப்பான் போனார். போனதற்குப் பின்னால் ஒரு சுவையான கதையும் இருக்கிறது. பயணத்துக்கு அம்மா கொடுத்த பணத்தைச் சீட்டாட்டத்தில் தோற்று, எதிரே உட்கார்ந்திருந்த மல்யுத்தக்காரரின் நெற்றியில் மைக்கூட்டை வீசிவிட்டு ஓடிவந்தாராம். ஊருக்குத் திரும்பினால் அந்த ஆள் காத்திருப்பான் என்ற பயத்தில்தான் தற்காப்புக் கலையில் வெறியோடு இறங்கினேன் என்பார். உண்மையோ மெருகோ, ஐடிஎஃப் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் கதை இது.

ஜப்பானில் அவர் கற்றது கராத்தே, அதுவும் ஷோட்டோகான் வகை. இரண்டாம் டான் வரை எட்டியதாகச் சொன்னார். பின்னாளைய சச்சரவுகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

உலகப்போரின் நடுவில் அவரைக் கட்டாயமாக ஜப்பானிய ராணுவத்தில் சேர்த்துப் பியோங்யாங்கில் நிறுத்தினார்கள். கொரிய மாணவச் சிப்பாய்கள் தப்பிக்கப் போட்ட திட்டத்தில் சிக்கிச் சிறைக்குப் போனார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததால் வெளியே வந்தார்.

## 1945-க்குப் பின்: ஒரே கலை, பல பெயர்கள்

விடுதலை பெற்ற கொரியாவில் சோய் தனியாள் இல்லை. ஜப்பானில் கராத்தே கற்ற மற்ற இளைஞர்களும் நாடு திரும்பிப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். லீ வோன் குக்கின் சுங் டோ குவான், ரோ பியோங் ஜிக்கின் சோங் மு குவான் ஆகிய இரண்டிலும் கற்பித்தது ஷோட்டோகான் வழிதான். ஹ்வாங் கீயின் மு டுக் குவான் இன்னொரு பெரிய பள்ளி.

இவர்கள் தங்கள் கலையை டாங் சூ டோ என்றும் கோங் சூ டோ என்றும் அழைத்தார்கள். கேட்பதற்குக் கொரியப் பெயர்போல ஒலிக்கும். எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். 'கராத்தே' என்பதை ஜப்பானியர் முதலில் 'டாங் நாட்டுக் கை', அதாவது சீனக் கை, என்று பொருள்படும் சீன எழுத்துகளால் எழுதினார்கள். 1930-களில் 'வெறுங்கை' என்று பொருள்படும் எழுத்துகளுக்கு மாறினார்கள். முதல் எழுத்துகளைக் கொரிய உச்சரிப்பில் படித்தால் டாங் சூ. இரண்டாவதைப் படித்தால் கோங் சூ. அதாவது கராத்தே என்ற சொல்லேதான், வாசிப்பு மட்டும் வேறு.

முப்பத்தைந்து ஆண்டு ஜப்பானிய ஆட்சியிலிருந்து அப்போதுதான் மீண்ட நாட்டில் இது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள். கலை வேண்டும், ஆனால் அதன் பிறப்புச் சான்றிதழ் வேண்டாம்.

சோய் 1946 ஜனவரியில் புதிய தென் கொரிய ராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, தன் படைவீரர்களுக்கு இந்தக் கலையைக் கற்பிக்கத் தொடங்கினார். 1951-ல் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். 1953-ல் ஜெஜு தீவில் 29-ஆம் காலாட்படைப் பிரிவை உருவாக்கினார். அதன் சின்னத்தில் ஒரு முஷ்டி இருந்தது. மற்ற ஆசான்களிடம் நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இருந்தார்கள் என்றால் சோயிடம் ஒரு படையே இருந்தது. அவருடைய நிஜமான பலம் இதுதான் என்பது என் கணிப்பு. உத்திகளில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் அன்றைக்கே இருந்தார்கள்.

## பெயர் வைத்த கதை

1954-ல் குடியரசுத் தலைவர் சிங்மன் ரீயின் முன்னால் வீரர்கள் செய்துகாட்டினார்கள். சோயின் வலது கையான நாம் டே ஹி ஒரே குத்தில் 13 கூரை ஓடுகளை உடைத்தார். மகிழ்ந்துபோன ரீ, இதுதானே நம் டேக்கியோன் என்றாராம். வந்தது வினை. அவர் பார்த்ததோ கராத்தே. தலைவரைத் திருத்த யாருக்குத் துணிச்சல் வரும்?

சோய் திருத்தவில்லை, அந்த வாய்ப்பைப் பற்றிக்கொண்டார். சீன எழுத்து அகராதியைப் புரட்டி, டேக்கியோன் என்ற ஒலிக்கு நெருக்கமாக, ஆனால் பொருளும் பொருந்தும்படி இரண்டு எழுத்துகளை எடுத்தார். 'டே' என்றால் காலால் உதைப்பது அல்லது பாய்வது. 'குவோன்' என்றால் முஷ்டி. 'டோ' என்பது வழி அல்லது நெறி. காலும் கையும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டன, தலைவரின் வாக்கும் பொய்க்கவில்லை, ஜப்பானிய வாடையும் போயிற்று. 1955-ல் கூட்டிய ஒரு குழு அந்தப் பெயரை ஏற்றது. ஐடிஎஃப் கொண்டாடும் ஏப்ரல் 11 அந்தக் கூட்டத்தின் நினைவாகத்தான்.

ஆனால் பெயர் உடனே நிலைத்துவிடவில்லை. பல குவான்களுக்கு அது பிடிக்கவில்லை. 1959-ல் சோயின் தலைமையில் கொரிய டேக்வாண்டோ சங்கம் உருவாயிற்று. 1961-ல் புது சங்கம் அமைத்தபோது இரு தரப்புக்கும் சமரசமாக 'டே சூ டோ' என்று மாற்றினார்கள். 1965-ல் சோய் மறுபடி தலைவராகி டேக்வாண்டோவையே திரும்பக் கொண்டுவந்தார். ஹ்வாங் கீ கடைசிவரை உடன்படாமல் தன் வழியே போனார். அதனால்தான் டாங் சூ டோ இன்றும் தனிக் கலையாக இருக்கிறது. நடிகர் சக் நாரிஸ் அமெரிக்க விமானப்படையில் இருந்தபோது கொரியாவில் கற்றது அதைத்தான்.

## இருபத்து நான்கு துல்கள்: உடம்பால் எழுதிய வரலாறு

பெயர் மாறினால் போதுமா? பயிற்சிக்கூடத்தில் செய்வது கராத்தே கட்டாதானே? சோய் ஆங்கிலத்தில் 1965-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் அவருடைய புதிய துல்களும் இருந்தன, பழைய கராத்தே கட்டாக்களும் இருந்தன. பிந்தைய நூல்களில் கட்டாக்கள் காணாமல் போயின. மூலம் எது என்று காட்ட இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கட்டாக்களின் இடத்தில் வந்தவை கடைசியில் 24 துல்கள் ஆயின. ஒரு நாளின் 24 மணி நேரம், அதாவது என் வாழ்நாள் முழுதும் என்று பொருள் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கொரிய வரலாற்றிலிருந்து ஒரு பெயர். அசைவுகளின் எண்ணிக்கையில்கூடச் செய்தி உண்டு:

1. ஜூங்-குன், 32 அசைவுகள். ஜப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜூங்-குன்னின் பெயர். 1910-ல் தூக்கிலிடப்பட்டபோது கொரியக் கணக்கில் அவருக்கு வயது 32.
2. யுல்-கோக், 38 அசைவுகள். 16-ஆம் நூற்றாண்டு அறிஞரின் பெயர். 38 என்பது அவர் பிறந்த ஊரின் அட்சரேகை. 1945-ல் நாட்டை இரண்டாக வெட்டிய கோடும் 38-தான். வடக்கிலிருந்து வந்த ஒரு தளபதி இதைக் கவனிக்காமலா இருந்திருப்பார்?
3. ஹ்வா-ராங், 29 அசைவுகள். பெயர் பண்டைய சில்லா நாட்டு இளைஞர் படையுடையது. எண்ணோ சோய் உருவாக்கிய 29-ஆம் பிரிவுடையது. தன்னையும் சந்தடி சாக்கில் வரலாற்றுக்குள் சேர்த்துவிட்டார்.
4. சூங்-மூ, 30 அசைவுகள். கடற்படைத் தலைவர் யி சுன்-சின்னின் பட்டப்பெயர். இந்தத் துல் இடக்கைத் தாக்குதலோடு முடியும். முழு ஆற்றலைக் காட்டுமுன் அவர் போரில் இறந்துவிட்ட துயரத்தைக் குறிக்கிறது என்பார்கள்.
5. சாம்-இல், 33 அசைவுகள். 1919 மார்ச் 1 விடுதலை இயக்கத்தில் கையெழுத்திட்ட 33 பேர்.

துல்களுக்குப் பெயர் தந்தவர்களில் யுல்-கோக், டோய்-கே, சே-ஜோங், யி சுன்-சின் ஆகியோரின் முகங்களைத் தென் கொரிய நோட்டிலும் நாணயத்திலும் இன்றும் பார்க்கலாம். அர்ஜென்டினாவிலோ போலந்திலோ இருக்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குக் கொரிய அறிஞர்களின் பெயர்கள் தெரிந்திருக்கிறதென்றால் அது இந்தத் துல்களால்தான்.

இவற்றை சோய் தனியாக அமைக்கவில்லை. நாம் டே ஹி, ஹான் சா கியோ, கிம் போக் மன் போன்றவர்கள் உடலால் உழைத்தார்கள், யோசனையும் தந்தார்கள். 'தந்தை' என்ற பட்டம் இவர்களை மறைத்துவிட்டது.

இன்னொரு சேர்க்கை, சோயின் 'ஆற்றல் கோட்பாடு'. எதிர்விசை, குவிப்பு, சமநிலை, மூச்சுக் கட்டுப்பாடு, நிறை, வேகம் என்று ஆறு கூறுகள். பள்ளி இயற்பியல்தான் அடிப்படை: வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும், நிறை இரட்டித்தால் இரண்டு மடங்குதான். குட்டையான ஒருவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்! பிற்காலத்தில் ஒவ்வொரு அடிக்கும் முன் உடலை அலைபோலத் தாழ்த்தி உயர்த்தித் தாழ்த்தும் முறையையும் கொண்டுவந்தார். ஐடிஎஃப் துல்லை டபிள்யூடி பூம்சேயிலிருந்து பார்த்த மாத்திரத்தில் பிரித்துக் காட்டுவது இந்த அலைதான்.

## சரிவு: பார்க் சுங் ஹீயும் மலேசியாவும்

1961 மே 16 அன்று பார்க் சுங் ஹீ ராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தார். இருவருக்கும் பழைய கணக்கு உண்டு. 1948-ல் யோசு நகரில் நடந்த ராணுவக் கலகத்துக்குப் பின் கம்யூனிஸ்ட் தொடர்புக் குற்றச்சாட்டில் பார்க் மீது ராணுவ நீதிமன்றம் விசாரணை நடத்தியது; அந்த நீதிபதிகளில் தானும் ஒருவன் என்று சோய் எழுதியிருக்கிறார். அப்போது தண்டனைக்கு உள்ளானவர் இப்போது நாட்டை ஆள்பவர். சோயை ராணுவத்திலிருந்து விலக்கி, 1962-ல் மலேயாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார்கள். மரியாதையான நாடுகடத்தல்.

ஆனால் கலைக்கு அது நல்லதாகவே முடிந்தது. 1965 வரை கோலாலம்பூரில் இருந்த காலத்தில் துல்களில் பெரும்பகுதிக்கு வடிவம் கிடைத்தது. கொரியப் பயிற்சியாளர்களை வரவழைத்து மலேயா, சிங்கப்பூர் எங்கும் பரப்பினார். 1966 மார்ச் 22-ல் ஐடிஎஃப் தொடங்கியபோது அதன் முதல் ஒன்பது நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் சிங்கப்பூரும் இருந்தன.

நாடு திரும்பியபின் அரசோடு உரசல் முற்றியது. டேக்வாண்டோவை நாட்டின் அடையாளமாக்கும் திட்டம் அரசிடம் இருந்தது. அதன் கயிறு ஒரு பிடிவாதக்காரத் தளபதியின் கையில் இருப்பது யாருக்கும் வசதியாக இல்லை. சோயும் சுலபமான ஆள் இல்லை, கூட இருந்தவர்களோடே மோதியவர். 1972-ல் கனடாவுக்குப் போய்விட்டார், ஐடிஎஃப் தலைமையகத்தையும் தூக்கிக்கொண்டு.

இடம் காலியானதும் கிம் உன் யோங் அதை நிரப்பினார். அரசுக்கு நெருக்கமானவர், ராஜதந்திரம் தெரிந்தவர். 1971-ல் கொரியச் சங்கத்தின் தலைவர், 1972-ல் குக்கிவோன், 1973-ல் உலக அமைப்பு என்று வரிசையாகக் கட்டி எழுப்பினார். சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராகித் துணைத்தலைவர் வரை உயர்ந்தார். 1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டிலும் காட்சி விளையாட்டாக இருந்த டேக்வாண்டோ, 1994 செப்டம்பர் 4-ல் பாரிஸில் எடுத்த முடிவின்படி 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. அந்த இன்னொரு விழா நாள் எதைக் கொண்டாடுகிறது என்பது இப்போது விளங்கும். கிம் பின்னர் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றது தனிக் கதை.

புதிய அமைப்பு சோயின் துல்களை எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கென்று பூம்சேக்களை உருவாக்கியது. வரலாற்றை எழுதும்போது பண்டைய கோகுர்யோ நாட்டுக் கல்லறை ஓவியங்களுக்கும் ஹ்வாராங் வீரர்களுக்கும் தாவி, 'இரண்டாயிரம் ஆண்டுக் கலை' என்றது. ஆக, சோய் கராத்தேயை மறைத்தார். சியோல் கராத்தேயோடு சேர்த்து சோயையும் மறைத்தது.

## பியோங்யாங் போன வழி

1980-ல் சோய் ஒரு செய்முறைக் குழுவுடன் வட கொரியாவுக்குப் போனார். தென் கொரிய அரசின் கண்ணில் இது துரோகம். அவருடைய பக்க நியாயங்கள் இரண்டு: கலைக்கு எல்லை கிடையாது, பிறந்த மண்ணை மறுபடி பார்க்கவேண்டும். மூன்றாவது ஒன்றும் இருந்தது, அது வெளிப்படையானது. டபிள்யூடியின் பின்னால் ஒரு அரசின் பணமும் செல்வாக்கும் நிற்க, ஐடிஎஃபுக்கும் ஒரு அரசு தேவைப்பட்டது.

விலை துல்லிலேயே தெரிந்தது. கோ-டாங் என்றொரு துல் இருந்தது. பியோங்யாங்கில் இயங்கிய கிறிஸ்தவ தேசியவாதி, கம்யூனிஸ்டுகளால் ஒடுக்கப்பட்ட சோ மன் சிக்கின் பட்டப்பெயர் அது. 1980-களில் அதை எடுத்துவிட்டு 'ஜூச்சே' என்ற புதிய துல்லை வைத்தார். ஜூச்சே என்பது கிம் இல் சுங்கின் அரசியல் கொள்கையின் பெயர். அவருடைய விசுவாசிகளில் பலரால் இதை மட்டும் விழுங்கமுடியவில்லை. அனுபவமிக்க பயிற்சியாளர்கள் பலர் விலகிப்போனார்கள். சில பிரிவுகள் பின்னர் கோ-டாங் என்ற பெயருக்கே திரும்பின.

2002 ஜூன் 15 அன்று சோய் பியோங்யாங்கில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அங்கே தேசபக்தத் தியாகிகளின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். தென் கொரியாவின் மேஜர் ஜெனரலாக இருந்தவருக்கு வட கொரியாவின் கௌரவக் கல்லறை.

## அப்படியானால் 'தந்தை' என்பது சரியா?

கேள்வியைத் துண்டாக்கினால் விடை எளிது.

1. பெயர்: பெரும்பாலும் அவருடையது. அதை நிலைநாட்டப் பத்தாண்டு மல்லுக்கட்டியதும் அவரே.
2. ஐடிஎஃப் என்ற வகை: ஐயமின்றி அவருடையது. துல்கள், கோட்பாடு, 1983-ல் வந்த 15 தொகுதிக் கலைக்களஞ்சியம் எல்லாம் அவர் முத்திரை பெற்றவை.
3. உலகப் பரவல்: முதல் அலை அவருடைய ராணுவப் பயிற்சியாளர்களால். ஒலிம்பிக் என்ற இரண்டாம் அலை கிம் உன் யோங்கால்.
4. மூல உத்திகள்: ஷோட்டோகான் கராத்தே. எல்லா முன்னோடிகளுக்கும் இது பொது.
5. உயரக் கால்வீச்சுகள்: ஒலிம்பிக்கில் கண்ணைக் கவரும் அந்தச் சுழல் உதைகளுக்கு ஒற்றை உரிமையாளர் கிடையாது. பல குவான்களின் இளைஞர்கள் போட்டிகளில் முட்டிமோதிக் கண்டெடுத்தவை.

எனவே ஒரு வகையைத் தோற்றுவித்தவர் என்பது முழு உண்மை. டேக்வாண்டோ முழுவதற்கும் ஒரே தந்தை என்பது மிகை. அவருக்குப் பங்கே இல்லை என்பதுபோல எழுதும் வரலாறு அதைவிடப் பெரிய பொய்.

## இன்றைக்கு இதனால் என்ன?

சோய் இறந்த காலத்தை ஒட்டி ஐடிஎஃப் மூன்றாக உடைந்தது. வட கொரியாவின் ஒலிம்பிக் குழு உறுப்பினர் சாங் உங் ஒரு பிரிவுக்கும், சோயின் மகன் இன்னொன்றுக்கும், வியட்நாமில் பிறந்து கனடாவில் வாழ்ந்த டிரான் ட்ரியூ குவான் மூன்றாவதற்கும் தலைமை ஏற்றார்கள். டிரான் 2010 ஹைட்டி நிலநடுக்கத்தில் இறந்தார். மூன்று பிரிவுமே ஐடிஎஃப் என்றுதான் பலகை வைத்திருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், 24 துல்களில் கடைசியின் பெயர் டோங்-இல், பொருள், ஒன்றிணைப்பு.

டபிள்யூடியோடு உறவு கொஞ்சம் இளகியிருக்கிறது. 2014-ல் இரு தரப்பும் ஒரு உடன்படிக்கை செய்தன. 2017-ல் தென் கொரியாவின் முஜுவில் நடந்த உலகப்போட்டியில் ஐடிஎஃப் குழு செய்துகாட்டியது. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க நாளில் இரண்டும் ஒரே மேடையில் நின்றன. அதே 2018-ல் சிரும் என்ற கொரிய மல்யுத்தத்தை இரு கொரியாக்களும் சேர்ந்தே யுனெஸ்கோவில் பதிவுசெய்தன. டேக்வாண்டோவிலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குத்தான் 2024 விண்ணப்பம் ஏமாற்றம்.

பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர் கவனிக்கவேண்டியது வேறு. ஒலிம்பிக், ஆசியப் போட்டிகள் என்ற பாதை டபிள்யூடி வழியாக மட்டுமே. அங்கே குக்கிவோன் டான் சான்றிதழ்தான் செல்லும். அந்தச் சண்டைப் போட்டியில் மார்புக்கவசம் அணிந்து பெரும்பாலும் காலால் அடிப்பார்கள், முகத்தில் குத்தக்கூடாது. ஐடிஎஃபில் கையுறை போட்டு முகத்திலும் கைவைக்கலாம், ஆனால் அடியின் கனத்தை அடக்கவேண்டும். துல்லுக்கு முக்கியத்துவம் அதிகம். ஐடிஎஃப் என்றால் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்வதும் நல்லது, ஒரு பிரிவின் பட்டத்தை இன்னொன்று ஏற்கும் என்று சொல்லமுடியாது.